தொழிற்கல்வி மாணவரும் தன்மதிப்பும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு திருமணத்திலோ கோயில் விழாவிலோ ஒன்றுகூடும்போது, பந்தியில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: 'பையன் என்ன படிக்கிறான்?' பொறியியற் கல்லூரியில் பயிலும் பையனின் தந்தை, கல்லூரியின் பெயர், பாடம், ஆண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் வேலை பயிலும் பையனின் தந்தையோ, 'ஏதோ படிக்கிறான்' என்று கூறிப் பேச்சை ரசத்தின் பக்கம் திருப்பிவிடுவார். அருகில் அமர்ந்திருக்கும் பையன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

அந்த 'ஏதோ' என்னும் சொல் நேற்றுப் பிறந்ததன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. கைத்தொழில் பயிலும் இளைஞன் தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொள்கிறான், பிறர் இகழும்போது அதற்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறான் என்னும் இரண்டு கேள்விகளையும் அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

முதலில் உளநூலார் கூறுவதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். 1890-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், தன்மதிப்பை ஒரு பின்னமாக எழுதிக் காட்டினார். மேலே இருப்பது நாம் அடைந்த வெற்றி. கீழே இருப்பது நாம் கொண்ட ஆசை. வெற்றி கூடினாலும் தன்மதிப்பு உயரும். ஆசை குறைந்தாலும் உயரும். உளநூலில் தேர்ந்தவன் என்று பெயரெடுக்க விரும்பிய தமக்கு, அதில் ஒருவர் தம்மை மிஞ்சினால் மனம் சுருங்கும் என்றும், கிரேக்க மொழி தெரியாதது பற்றித் தமக்குச் சிறிதும் வெட்கமில்லை என்றும் அவர் தம்மையே உதாரணமாகக் காட்டினார். எதில் நம் மானத்தைப் பணயம் வைக்கிறோமோ அதில்தான் அவமானமும் நேர்கிறது என்பது இதன் கருத்து.

ஈடுகொடுக்கும் முறைகளைப் பற்றி 1984-இல் லாசரஸ், ஃபோக்மன் என்னும் இருவர் எழுதிய நூல் பெரிதும் போற்றப்படுகிறது. துன்பம் வந்தபோது மனிதர் இரண்டு வகையில் முயல்கின்றனர் என்று அவர்கள் விளக்கினர். துன்பத்தின் காரணத்தையே மாற்ற முயல்வது ஒரு வகை. காரணத்தை மாற்ற இயலாதபோது, அதனால் எழும் மனவேதனையைத் தணித்துக்கொள்ள முயல்வது மற்றொரு வகை. இவ்விரண்டில் எது சிறந்தது என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. மாற்றக்கூடியதை மாற்றாமல் மனத்தை மட்டும் தேற்றிக்கொண்டிருப்பதும் வீண். மாற்ற இயலாததோடு ஓயாமல் மோதுவதும் வீண்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பழைய நாளில் தச்சனும் கொல்லனும் சிற்பியும் தந்தையிடமே தொழில் பயின்றார்கள். அங்கே தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. சமூக ஏணியில் அவர்கள் நின்ற படி எதுவாயினும், தம் தொழிலுக்குள் கைத்திறனால் மதிப்புப் பெற வழி இருந்தது. ஆங்கில ஆட்சியில் இந்த நிலை மாறியது. 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு, அரசாங்க வேலைகளில் ஆங்கிலம் கற்றவர்களுக்கு முதலிடம் தரப்படும் என்று அறிவித்தார். எழுத்தும் கணக்கும் அறிந்த மேசை வேலை, மாதச் சம்பளத்துக்கும் மரியாதைக்கும் நேர்வழியாயிற்று. கைத்தொழிலோ ஆலைச் சரக்கின் போட்டியில் நலிந்தது. சம்பளமும் மரியாதையும் ஒரே பக்கம் சாய்ந்தபோது, இளைஞர் உள்ளமும் அந்தப் பக்கமே சாய்ந்ததில் வியப்பில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் தொழிற்பள்ளிகள் தோன்றின. 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தம் முயற்சியால் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. பம்பாயில் 1887-இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிலையம் நிறுவப்பட்டது. ஜமால்பூர் ரயில்வே பட்டறையை ஒட்டி 1888-இல் தொழில்நுட்பப் பள்ளி ஒன்று தோன்றியது. பயிற்சி தரும் இடங்கள் இவ்வாறு பெருகினவேயன்றி, பயிற்சி பெற்றவனுக்குச் சமூகத்தில் என்ன இடம் என்னும் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

சென்னைப் பள்ளியிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 1898-இல் அங்கே ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். பித்தளையும் செம்பும் புழங்கிய நம் சமையலறைகளில் அலுமினியம் நுழைந்த கதையின் முதல் அத்தியாயம் அது. மாணவரின் கையில் உருவான பொருள் சந்தையில் விலைபோயிற்று. பட்டறை தொழிற்சாலையாக வளர்ந்து, பின்னர்த் தனியார் கைக்கு மாறியது. அரசாங்கமே முன்னோடியாகத் தொழில் தொடங்கிக் காட்டுவதைச் சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910-இல் இந்திய மந்திரி மார்லி, அரசாங்கம் தொழிற்கல்வி புகட்டலாம், தொழில் நடத்தலாகாது என்னும் வகையில் முடிவு கூறினார். கல்வி உண்டு, அக்கல்விக்கேற்ற தொழில் இல்லை என்றால் மாணவன் என்ன செய்வான்? ஜேம்ஸின் பின்னத்தில் மேலே எழுத வேண்டிய எண் அவனுக்குக் கிடைக்கவேயில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் அக்காலத் தமிழகத்தில் இருந்தது. வெளி மாநிலத் தமிழர் பலருடைய வீட்டுக் கதையே அதுதான். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு என்று ஊர்தோறும் தட்டெழுத்துப் பயிற்சி நிலையங்கள் தோன்றின. காலையிலும் மாலையிலும் கடகடவென்று ஓசை எழுப்பிய அந்தச் சிறு அறைகளிலிருந்து, 'லோயர்', 'ஹையர்' தேர்வுகளில் தேறியும் பிட்மன் சுருக்கெழுத்தைக் கற்றும் ஆயிரக்கணக்கான இளைஞர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் ரயிலேறினர். தட்டெழுத்தும் கைத்தொழிலே. விரல்கள் பழக வேண்டும்; வேகம் அளக்கப்படும்; பிழைகள் எண்ணப்படும். ஆயினும் அதைக் கற்றவனை யாரும் இழிவாக நினைக்கவில்லை. அவனும் தன்னைத் தாழ்வாக எண்ணவில்லை. ஏன்? அவன் கை மேசையின் மேல் இருந்தது. அரம் பிடித்த கையோ பட்டறைப் பிடிப்பானின் முன்னே இருந்தது. திறமையின் அளவில் இருவருக்கும் வேறுபாடு காண்பது கடினம். வேறுபாடு முழுவதும் பார்ப்பவர் கண்ணில் இருந்தது.

பார்ப்பவர் கண்ணை மாற்ற முடியுமா? முடியும் என்று வங்காளம் ஒருமுறை காட்டியது. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தது. மறு ஆண்டில் கல்கத்தாவில் இரண்டு கல்வி அமைப்புகள் தோன்றின. ஒன்று தேசியக் கல்விக் கழகம்; அதன் கல்லூரிக்கு அரவிந்தர் முதல்வரானார். மற்றொன்று தாரகநாத பாலித் என்னும் வழக்கறிஞரின் பெருங்கொடையால் நின்ற தொழில்நுட்பக் கல்விச் சங்கம். அது வங்கத் தொழில்நுட்ப நிலையத்தைத் திறந்தது. தேசிய உணர்ச்சியின் வேகம் தணிந்தபோது கலைக்கல்லூரி வாடியது. தொழில்நுட்ப நிலையமோ தழைத்தது. 1910-இல் இரண்டு அமைப்புகளும் இணைந்தன. அந்த வித்து வளர்ந்து 1955-இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமாயிற்று.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? அங்கே யந்திரம் பழகிய மாணவன், 'பெரிய படிப்புக்கு இடம் கிடைக்காததால் வந்தேன்' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'நாட்டுக்காக வந்தேன்' என்று சொல்ல முடிந்தது. அதே கருவிகள்தாம், அதே எண்ணெய்க் கறைதான். ஆனால் அந்த வேலைக்கு ஒரு பொருள் இருந்தது. அரசாங்கச் சான்றிதழ் இல்லாத குறையையும் தாங்கும் வலிமையை அந்தப் பொருள் அவனுக்கு அளித்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1909-இல் பூனாவில் ரமாபாய் ரானடேயின் தலைமையில் எழுந்த சேவாசதனம், பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி முதலியன அளித்தது. அந்நாளில் இழிவாகக் கருதப்பட்ட பணியை, உயர்குடிப் பெண்டிரும் துணைக்கு ஆளற்ற விதவையரும் சேவை என்னும் பெயரால் ஏற்றனர். இகழ்ச்சிக்கு ஈடுகொடுக்கத் தனிமனிதன் மனவலிமை மட்டும் போதாது, அவனைச் சூழ ஒரு கூட்டமும் ஒரு கொள்கையும் வேண்டும் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

எனினும் கொள்கை மட்டுமே இருந்தாலும் பயனில்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடு, கைத்தொழிலை நடுவாக வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அளிக்க வேண்டும் என்று கூறியது. சாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. எல்லாரும் கைவேலை செய்தால் யாரும் கைவேலையால் தாழ்ந்தவர் ஆகார் என்பது அதன் உட்கருத்து, உயர்ந்த கருத்துத்தான். ஆனால் நடைமுறையில் வசதி உள்ளவர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினர். நூற்பு ஏழைக்கும் நூல் செல்வனுக்கும் என்று பிரிந்தபின், கைத்தொழிற் பள்ளி சமத்துவத்தின் அடையாளமாக இருக்க முடியவில்லை.

சென்னை மாநிலத்தில் 1953-இல் நேர்ந்தது இன்னும் கூர்மையான பாடம். ராஜாஜியின் அரசாங்கம் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குறைந்த பணத்தில் அதிகக் குழந்தைகளுக்குக் கல்வி தரவும், உழைப்பின் மதிப்பை உணர்த்தவும் இது உதவும் என்றனர் திட்டத்தை ஆதரித்தவர்கள். எதிர்த்தவர்கள் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டனர். கிளர்ச்சி வலுத்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராசர் காலத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இந்தப் பூசலின் அரசியலை விட்டு, உளநூல் நோக்கில் இதைப் பார்ப்போம். ஆசையைக் குறைத்துக்கொண்டால் மனம் அமைதி பெறும் என்றார் ஜேம்ஸ். ஒருவன் தானே விரும்பி ஆசையைக் குறைத்துக்கொண்டால் அது விடுதலை. 'உனக்கு இவ்வளவு ஆசை போதும்' என்று பிறர் சொன்னால் அது அவமதிப்பு. நம் நாட்டில் கைத்தொழில் பிறப்போடு பிணைந்து கிடந்தது. தலைமுறை தலைமுறையாக ஆசையைக் குறைத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டவர்களின் காதில், 'கைத்தொழில் கற்றுக்கொள்' என்னும் அறிவுரை வேறு பொருளில்தான் விழும். தொழிற்கல்வியை நம் மக்கள் ஐயத்தோடு பார்ப்பதற்குச் சோம்பலே காரணம் என்பவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகின்றனர். எனவே ஒன்றைச் சொல்லலாம்: தொழிற்கல்வி மதிப்புப் பெற வேண்டுமானால், அது தானே தேர்ந்த வழியாகவும், மேலே செல்லக் கதவு திறந்த வழியாகவும் இருத்தல் வேண்டும்.

அத்தகைய கதவு திறந்ததற்கு ஒரு சான்று, பிரிவினைத் துயரத்திலிருந்தே எழுந்தது. 1947-இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் பெருந்திரளாகக் குருட்சேத்திர முகாமில் தங்கியிருந்தனர். அவர்களுள் கடைக்காரர் உண்டு, நிலக்கிழார் உண்டு, எழுத்தர் உண்டு. உடைமையோடு ஊரில் தாம் வகித்த நிலையையும் அவர்கள் இழந்திருந்தனர். எஸ். கே. டே என்பவர், அவர்களுக்கு இலவச உணவைவிட வேலையே மருந்து என்று கருதினார். டில்லியிலிருந்து அம்பாலா செல்லும் பெருவழியில், சதுப்பாகக் கிடந்த நிலோக்கேரியில் ஒரு புது நகரை அகதிகளின் கைகளாலேயே எழுப்ப முனைந்தார். அங்கே தொழிற்பயிற்சியும் பட்டறைகளும் நகரத்தின் நடுநாடியாக அமைந்தன. நேற்றுவரை தராசு பிடித்தவன் இன்று இழைப்புளி பிடித்தான்.

அவனுடைய நிலையை எண்ணிப் பார்த்தால், லாசரஸ் கூறிய இரு வகை ஈடுகொடுத்தலும் அங்கே ஒருங்கே நிகழ்ந்தது புலனாகும். இழந்த ஊர் திரும்பாது என்பதை மனம் ஏற்க வேண்டியிருந்தது. புதிய வாழ்வைக் கை அமைக்க வேண்டியிருந்தது. தான் கட்டிய சுவர் தன் கண் முன்னே நிற்கும்போது, 'நான் பிச்சை கேட்கவில்லை' என்னும் உணர்வு தானே எழும். டே பின்னர் மத்திய அமைச்சரவையில் சமுதாய வளர்ச்சித் துறையை நடத்தினார். அந்தத் திட்டத்திற்கு நிலோக்கேரி ஒரு முன்மாதிரியாக விளங்கியது.

1950-இல் மத்திய அரசாங்கம் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று ஐ.டி.ஐ. என்று நாம் அழைக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களின் தோற்றம் அதுவே. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் நிறைவேறியது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வியில் பாதி மாணவராவது தொழிற்கல்வி பெற வேண்டும் என்றது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 1995-க்குள் நூற்றுக்கு 25 பேர் என்று குறி வைத்தது. 1992-இல் அந்தக் கெடு 2000-க்குத் தள்ளப்பட்டது. குறி எட்டப்படவில்லை. 2020-இன் கல்விக் கொள்கை ஒரு கணக்கை எடுத்துக்காட்டியது: 19 முதல் 24 வயது வரையுள்ள உழைப்பாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றவர் இந்தியாவில் நூற்றுக்கு 5-க்கும் குறைவு, ஜெர்மனியில் 75, தென் கொரியாவில் 96. தொழிற்கல்வி தாழ்ந்தது என்னும் எண்ணம் மக்களிடையே நிலவுவதையும் அந்த ஆவணம் ஒளிக்காமல் குறிப்பிட்டது. பந்தியில் நாம் கேட்ட 'ஏதோ' என்னும் சொல் அரசாங்க ஆவணத்திலும் ஏறிவிட்டது!

ஆனால் மாணவர் எல்லாரும் மனம் குன்றித்தான் இருக்கிறார்களா? இல்லை. 1989-இல் கிராக்கர், மேஜர் என்னும் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் ஓர் உண்மையை எடுத்துரைத்தனர். இகழப்படும் கூட்டத்தினர் தம்மைத் தாமே இகழ்வர் என்று எதிர்பார்ப்பது தவறு. அவர்கள் மூன்று வழிகளில் தம் மதிப்பைக் காத்துக்கொள்கின்றனர். இகழ்ச்சிக்குக் காரணம் தம் குறையன்று, இகழ்பவரின் தப்பெண்ணமே என்று உணர்வது ஒன்று. தம்மைத் தம்மொத்தவரோடு மட்டும் ஒப்பிட்டுக்கொள்வது இரண்டு. தமக்கு வாய்க்காததை மதிக்காமல், வாய்த்ததை மதிப்பது மூன்று. இவை மூன்றும் கேடயங்கள். ஆனால் கேடயத்தையே ஓயாமல் தூக்கிக்கொண்டிருப்பவன் வேறு காரியம் செய்ய முடியாது. 'கணக்கு எதற்கு? எனக்கு வேண்டாம்' என்று மாணவன் சொல்லத் தொடங்கிவிட்டால், இன்றைய வலி தணியும். நாளை வரைபடத்தைப் படிக்க முடியாமல் போகும்.

பட்டறையிலோ வேறொரு மருந்து இருக்கிறது. ஃபிட்டர் பயிலும் மாணவனுக்கு முதலில் தரப்படும் வேலை, ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சமமாக்குவது. நாட்கணக்கில் ராவ வேண்டும்; கை கொப்புளிக்கும். பின்பு மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள். இடுக்கில் ஒளி தெரிந்தால் வேலை குறை. ஒளி மறைந்தால் வேலை நிறைவு. இங்கே சாதிக்கு வேலையில்லை, சிபாரிசுக்கு வேலையில்லை, தந்தையின் மௌனத்துக்கும் வேலையில்லை. ஜேம்ஸின் பின்னத்தில் மேலே எழுத வேண்டிய எண்ணை அந்த மாணவன் தன் கண்ணாலேயே காண்கிறான்.

வெளி மாநிலத் தமிழருக்கு இதில் இன்னும் ஒரு பொறுப்பு உண்டு. மாரிஸ் ரோசன்பர்க் என்னும் ஆய்வாளர், நியூயார்க் மாநிலத்தின் பத்துப் பள்ளிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரை ஆராய்ந்து 1965-இல் நூல் ஒன்று வெளியிட்டார். தம் சமயத்தார் குறைவாக உள்ள தெருவில் வளர்ந்த பிள்ளைகளின் தன்மதிப்பு சற்றுத் தாழ்ந்திருப்பதை அவர் கண்டார். குடும்பத்தின் சமூக நிலையைவிட, பெற்றோர் பிள்ளையிடம் காட்டும் அக்கறையே தன்மதிப்போடு நெருங்கிய தொடர்புடையது என்பதையும் கண்டார். அந்த நாடு வேறு, காலம் வேறு. ஆயினும் பிறமொழி வழங்கும் ஊரில், தாய்மொழி பேசும் தோழர் குறைவாக உள்ள வகுப்பில், பிறர் உயர்வாக எண்ணாத தொழிலைப் பயிலும் நம் பிள்ளை இரட்டைச் சுமை சுமக்கிறான் என்பதை ஊகிக்க அந்த ஆய்வு நமக்குத் துணைசெய்கிறது. அச்சுமையைக் குறைக்க அரசாங்க ஆணை தேவையில்லை. மாலையில் அவன் வீடு திரும்பியதும், 'இன்று என்ன செய்தாய்?' என்று கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்பதே போதும்.

2022 செப்டம்பர் 17 அன்று, விசுவகர்மா பூசை நாளில், நாடெங்குமுள்ள தொழிற்பயிற்சி நிலைய மாணவருக்கு முதன்முறையாகப் பட்டமளிப்பு விழா போன்றதொரு விழா நடைபெற்றது. 1950-இல் தொடங்கிய திட்டத்தின் மாணவர், மேடையில் பெருமையோடு நிற்க 72 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மேடை நல்லதே. ஆனால் மேடைக்கு முன்னதாக ஒரு பந்தி இருக்கிறது. அங்கே ஒரு கேள்வியும் இருக்கிறது. அடுத்த முறை அக்கேள்வி எழும்போது, 'ஃபிட்டர் வேலை கற்கிறான். இந்த ஆண்டு இரண்டாம் வருஷம்' என்று நாம் முழுமையாகச் சொல்வோம். அருகில் அமர்ந்திருக்கும் பையன் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.